சவுக்குத் தோப்பில் வைத்த பெயர்

எதிர்வீட்டில் மாடி கட்டுகிறார்கள். நேற்று காலை ஒரு லாரி நிறையச் சவுக்குக் கம்புகள் வந்து இறங்கின. பச்சை மாறாத கம்புகள். அந்த வாசனை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மழையில் நனைந்த சாக்கு போல இருக்கும். காப்பியோடு வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு அது பட்டினச்சேரிக் கடற்கரையின் வாசனை.

நான் ஈரோட்டுக்காரன். கடலைப் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். மனைவி வனஜாவுக்குக் காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடி. முதல் விருந்தில் மீனில் முள் எடுக்கத் தெரியாமல் நான் பட்ட பாட்டை அந்தத் தெருவே சொல்லிச் சிரித்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பயணம் அல்ல, பின்னால் போன இன்னொன்று.

எங்களுக்குப் பிறந்த ஆண் குழந்தை மறுநாளே போய்விட்டது. வனஜா தாய்வீட்டில் இருந்தாள். பிரசவமாகி மாதம்கூட நிறையவில்லை. யாரோடும் பேசமாட்டேன் என்கிறாள் என்று மாமியார் போனில் சொன்னதும் கிளம்பிப் போனேன். என்னோடும் பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் அவளாகவே வந்து நின்றாள்.

"ஏங்க, பட்டினச்சேரி வரைக்கும் போவலாமா? காலேஜ்ல படிக்கயில அங்க சவுக்குக் கன்னு நட்டோம். எப்புடி இருக்குன்னு பாக்கணும்."

"பச்ச ஒடம்புக்காரி, கடக்காத்து ஆவாதுடி" என்றார் மாமியார். மாமனார் வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

ஊர்க்கோடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கரையோரமாகவே நடந்தோம். ஆபீஸ் ஷூவோடு கடற்கரையில் நடந்த ஒரே புத்திசாலி நானாகத்தான் இருப்பேன். நாலடிக்கு ஒருதரம் நின்று மணலைக் கொட்டினேன். வேறொரு நாளாக இருந்தால் வனஜா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று காத்து நின்றாள், அவ்வளவுதான். பிறகு ஒற்றையடிப் பாதை தோப்புக்குள் நுழைந்தது. காலடியில் காய்ந்த சவுக்குச் சருகு மெத்தை போலக் கிடந்தது. உள்ளே போகப் போக அலைச்சத்தம் எது, மரங்களின் சத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை.

"இதுல நீ நட்டது எது?"

"யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒண்ணு போலத்தான் வளந்திருக்கு."

தோப்பின் மறுபக்கம் சில வீடுகள் தெரிந்தன. அங்கே ஏதோ ஒரு வீட்டில் கைக்குழந்தை அழுதது. வனஜா நின்றுவிட்டாள். அவள் ரவிக்கை நனைந்திருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வதற்குள், மீன் கூடையோடு எதிரே வந்த ஓர் அம்மா பார்த்துவிட்டார்.

"புள்ளய வுட்டுட்டா வந்த? பால் கட்டிக்கிடும்மா. என்ன புள்ள?"

"பையந்தாங்க."

"பேரு வச்சாச்சா?"

நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். வனஜா முந்திக்கொண்டாள்.

"கதிரவன்."

"சீக்கிரம் போய்ப் பாலக் குடும்மா. பசியில கெடப்பான்."

"சரிங்க."

கூடை மரங்களுக்குள் மறையும்வரை வனஜா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம், "பேரு நல்லாருக்கா?" என்றாள்.

"நல்லாருக்கு" என்றேன்.

அவள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பாலை மணலில் பீய்ச்சிவிட்டாள். யாரும் வராமல் பார்த்துக்கொள்ள நான் முதுகைக் காட்டிக்கொண்டு கடல் பக்கம் நின்றேன். அப்போதுதான் அவள் அழும் சத்தம் முதல்முறையாகக் கேட்டது. ஆஸ்பத்திரியில்கூட அவள் அழவில்லை.

பிற்பாடு மகள் பிறந்தாள். வீட்டில் பேச்சும் சிரிப்பும் சண்டையும் திரும்பி வந்தன. அந்தப் பெயரை மட்டும் நாங்கள் இருவருமே பிறகு எடுத்ததில்லை. வருஷத்தில் ஒரு நாள் வனஜா பாயசம் வைப்பாள். என்ன விசேஷம் என்று மகள் கேட்டால், "சும்மாதான்" என்பாள்.

போன தை மாதம் வனஜாவும் போய்விட்டாள். அஸ்தி கரைக்க மகளோடு பட்டினச்சேரிக்குத்தான் போனேன். தோப்பை வெட்டிவிட்டிருந்தார்கள். கடல் உள்ளே ஏறியிருந்தது. பாதை எங்கே தொடங்கியது என்றுகூடத் தெரியவில்லை.

"என்னப்பா தேடுறீங்க?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லம்மா."

கதிரவன் என்ற பெயரை அறிந்த ஆள் இனி நான் ஒருவன்தான். அந்த மீன்கார அம்மா இன்னும் இருக்கிறாரோ என்னவோ. இருந்தால், அவரைப் பொறுத்தவரை அவன் அன்று வயிறு நிறையப் பால் குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான்.