கிருபாசங்கர் பக்கம் மாறிய சனிக்கிழமை

எங்கள் உள்ளூர் டிவியின் சனிக்கிழமை விவாதத்தில் நிரந்தர எதிரிகள் இரண்டு பேர். சரவணம்பட்டியில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கும் கிருபாசங்கர் ஒருவன். ஓய்வுபெற்ற வாத்தியார் அரங்கசாமி, அதாவது நான், இன்னொருவன். அரசு ஊழியர்களுக்குப் பழைய ஓய்வூதியம் வேண்டும் என்று நான் பேசுவேன். கஜானா காலியாகிவிடும் என்று அவன் மேசையைத் தட்டுவான். முடிந்ததும் பேக்கரியில் ஒன்றாக டீ குடிப்போம்.

அந்த வாயே அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு உலை வைத்தது. அவன் மகள் வர்ஷினி, அந்தியூர்ப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கும் கவினை விரும்பினாள். கவினின் அம்மா தெய்வாத்தாள் பெண் பார்க்க வந்தார். சம்மதம் இருந்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். அவர் இலை முன்னால் உட்காரவே இல்லை.

"டிவில பாத்தனுங்க. பென்ஷன் வேண்டாங்கறீங்க. எம் பையன் வயசான காலத்துல சோறு திங்க வேண்டாமுங்களா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்று பேக்கரியில் கிருபாசங்கர் டீயைத் தொடவில்லை. "ஏப்பா, அந்தம்மா கேட்டது நெசந்தானப்பா. எம் புள்ள மூஞ்சியப் பாக்க முடியல" என்றான்.

அடுத்த சனிக்கிழமை, கேமரா முன்னால், "இத்தன நாளா நான் பேசுனது தப்புங்க" என்று ஆரம்பித்து, அந்தம்மாவின் கேள்வியையே திருப்பிக் கேட்டான். நெறியாளர் முழித்தார். எதிர்க்க ஆளில்லையென்றால் இவன் கல்யாணத்துக்காக ஒப்புக்குப் பேசுகிறான் என்றுதானே அந்தம்மா நினைப்பார்? நான் மேசையைத் தட்டினேன். "கஜானா காலியாயிடுமுங்க" என்றேன். மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்குகிறவன் பேசுகிற பேச்சா இது? அவன் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டான். அவன் அவ்வளவு அருமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. உள்ளே சந்தோஷம் தாங்கவில்லை. முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் என் மனைவி ராமாமணி பேச மாட்டேனென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் தெய்வாத்தாள் மறுபடி வந்தார். இந்த முறை, பந்தியில் எனக்கு எதிரிலேயே இலை முன்னால் உட்கார்ந்து, நிதானமாகக் கை நனைத்தார். வர்ஷினிக்குக் கால் தரையில் பாவவில்லை. பரிமாற ஓடி வந்தவளை அந்தம்மா நிறுத்தினார்.

"கண்ணு, அந்த அண்ணனுக்கு மட்டும் மைசூர்பா வெக்காதே. செலவக் கொறைக்கோணும்னு டிவில பேசுனாருல்ல" என்றார்.

பந்தியே சிரித்தது. கிருபாசங்கர் மட்டும் தன் இலையிலிருந்த மைசூர்பாவை எடுத்து என் இலையில் வைத்தான்.