மாமியைத் திட்டுகிறவள்

என் வாய்க்கு நான் பொறுப்பில்லை. அது எங்கள் அம்மா கொடுத்தது. பட்டினப்பாக்கத்தில் ரோட்டோரம் மீன் விற்றவள் அவள். ஒரு பக்கம் கடல் இரைச்சல், இன்னொரு பக்கம் பஸ் இரைச்சல், இரண்டையும் மீறிக் கூவினால்தான் வஞ்சிரம் விலை போகும். வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்குக் குரல் இறங்காது. சோறு போடவா என்று கேட்பதும் சண்டைக்கு வருவதும் எங்கள் வீட்டில் ஒரே சத்தத்தில்தான் நடக்கும். அந்தத் தொண்டையோடுதான் படித்தேன். அந்தத் தொண்டையோடுதான் மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டரில் டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்தேன்.

எங்கள் வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கிட்னி போனவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போகாது, உடம்பிலேயே தங்கிவிடும். வாரத்தில் சில நாள் அவர்களை மெஷினோடு இணைத்து அந்த நீரை எடுக்கிறோம். நடுவில் இருக்கிற நாட்களில் அவர்கள் அளவாகக் குடிக்க வேண்டும். காபி, மோர், ரசம், இட்லிக்கு ஊற்றுகிற சாம்பார், எல்லாமே தண்ணீர்தான். மீறினால் முதலில் கால் வீங்கும். அப்புறம் நெஞ்சில் நீர் ஏறி மூச்சு முட்டும். இதயம் எத்தனை தடவைதான் தாங்கும்? இந்த ஊர் வெயிலில் நாக்கு வறண்டு நிற்கிறவரிடம் தண்ணீர் குடிக்காதே என்று சொல்வதுதான் என் பிழைப்பு. பாவம் பிடித்த பிழைப்பு.

உள்ளே வந்ததும் முதலில் எடை மெஷினில் ஏற வேண்டும். போன தடவை கிளம்பும்போது இருந்த எடையைவிட எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவும் நடுவில் குடித்தது. ஐயோ, நான் பச்சைத் தண்ணிகூடத் தொடவில்லையே என்று வாய் சொல்லும். முள் காட்டிக்கொடுத்துவிடும். அந்த மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு நான் திட்டுவேன். திட்டுவது என்று உத்தேசித்துத் திட்டுவதில்லை. நேற்றுவரை நடந்து வந்த மனிதர் வீங்கிய காலோடு வந்து நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமி எங்களிடம் வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். மாட வீதிக்குப் பின்னால் ஒரு பழைய பிளாட்டில் மாமாவும் அவருமாக இருந்தார்கள். மாமி இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மெல்லிய குரல். ஊசி குத்தும்போதுகூடச் சத்தம் வராது, கண்ணை மட்டும் மூடிக்கொள்வார். அவருக்கு இருந்த ஒரே பலவீனம் காபி. காலையில் டிகாஷன் இறங்குகிற வாசனை வந்தால் கை தானாக டம்ளரைத் தேடுகிறது என்று அவரே சொல்லுவார்.

வந்த புதிதில் ஒரு நாள் மெஷினில் ஏறினார். முள் எங்கேயோ போய் நின்றது. எனக்கு வாய் நிற்கவில்லை.

"இன்னா மாமி இது, தெப்பக்குளத்தையே குடிச்சுக்கினு வந்துகிறீங்க?"

ஹாலில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமியின் முகம் சிவந்துவிட்டது. சரி, அழப்போகிறார், எனக்கு இன்றைக்குக் கச்சேரிதான் என்று நினைத்தேன். அவர் படுக்கையில் போய் உட்கார்ந்தார். கையை நீட்டினார். ஊசி ஏறி முடிந்த பிறகு, எங்கம்மா போனதுக்கப்புறம் என்னை ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லைடி என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு மாதிரி ஆகிவிட்டது. மெஷினில் ஏறும்போது முள்ளைப் பார்க்க மாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். எடை அடங்கியிருக்கிற நாளில் நான் ம், போங்க போங்க என்று மட்டும் சொல்லுவேன். அந்த இரண்டு வார்த்தைக்கு அவருக்கு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷம். வீட்டில் மாமா இன்னொரு வாய் காபி வேணுமா என்று கேட்டால், வேண்டாம், அவ வைவா என்று டம்ளரைக் கவிழ்த்துவிடுவாராம். மாமாதான் என்னிடம் சொன்னார். டாக்டர் சொன்னதைக் கேட்காதவள் உன் பேச்சுக்குப் பயப்படுகிறாளே அம்மா என்று ஆச்சரியப்பட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் புகார் வந்தது. ஒரு பெரியவர் ஆசைப்பட்டு இளநீர் குடித்துவிட்டு வந்திருந்தார். கிட்னி வேலை செய்யாத உடம்புக்கு இளநீர் விஷம், அதில் இருக்கிற பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும். நான் கத்தின கத்தலில் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். கூட வந்த மகன் வீட்டுக்குப் போய் எங்கள் சென்டரைப் பற்றி இன்டர்நெட்டில் எழுதிவிட்டார். நோயாளிகளை மரியாதையில்லாமல் நடத்துகிற ஊழியர் என்று. அதைப் படித்துவிட்டு நிர்வாகத்தில் இருப்பவர்கள் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

பயிற்சி ஈக்காட்டுத்தாங்கலில், ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேல் மாடியில். கீழே இரும்பு அறுக்கிற சத்தம், மேலே ஏசி போட்டு எங்களுக்கு மென்மையாகப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். மனிதர்களில் பல வகை உண்டாம். கேள்விகளுக்குப் பதில் எழுதவைத்துப் பார்த்துவிட்டு, நான் நெருப்பு வகை என்று பயிற்சியாளர் சொன்னார். நெருப்பாக இருந்தால் வேலையில் முன்னேற முடியாது, தண்ணீராக மாற வேண்டும் என்றார். தண்ணியைக் குறைக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவளைப் பிடித்துத் தண்ணியாக மாறச் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் சிரித்தேன். வெளியே சிரிக்கவில்லை. சென்டரில் எங்கள் இன்சார்ஜ் அக்கா நல்லவர்தான், ஆனால் கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தார், இன்னொரு புகார் வந்தால் என்னால் உன்னைக் காப்பாற்ற முடியாது என்று. அம்மாவுக்கு முட்டி தேய்ந்துபோய் கூடை தூக்குவதை நிறுத்தியாகிவிட்டது. எங்கள் வீட்டு அடுப்பு என் சம்பளத்தில்தான் எரிகிறது.

மாறினேன். கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். இன்னாடி, தொண்ட கட்டிக்கிச்சா என்று அம்மா கேட்டாள். மெஷின் பக்கத்தில் நின்று, முள் எங்கே போனாலும், பரவாயில்லை, அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்று பல் தெரியச் சிரித்தேன். புகார் நின்றது. இன்சார்ஜ் அக்காவுக்கு நிம்மதி. அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் என்று என் போட்டோவைச் சுவரில் மாட்டினார்கள். அதில்கூட யாரோ மாதிரிதான் இருந்தேன்.

மாமிக்கும் அதே பரவாயில்லைதான். முதல் தடவை சொன்னபோது அவர் மெஷினைவிட்டு இறங்கவே இல்லை. இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் மறுபடியும் சிரித்தேன். மெதுவாக இறங்கிப் போனார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் எடை கூடுதலாக வந்தது. அவர் பேச்சும் குறைந்தது. எனக்கு உள்ளே பதறும். வாய் வரைக்கும் வரும். சுவரில் இருக்கிற போட்டோவைப் பார்ப்பேன், முழுங்கிக்கொள்வேன்.

கத்திரி வெயில் நேரத்தில் ஒரு நாள் காலையில் மாமியை வீல்சேரில் தள்ளிக்கொண்டு மாமா ஓடிவந்தார். மூச்சு இழுக்கிறது, முகமெல்லாம் வீக்கம். அவசரமாக மெஷினில் போட்டோம். நீர் இறங்க இறங்க மூச்சு சீரானது. பேச முடிந்ததும் என்னைப் பக்கத்தில் வரச்சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மாவுக்கு முடியாமப் போனப்போ டாக்டர் வந்து பார்த்துட்டு, கேட்டதைக் குடுங்கோன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அன்னிலேர்ந்து ஆத்துல ஒருத்தரும் அம்மாவை ஒண்ணும் சொல்லலை. எல்லாரும் சிரிச்சுண்டே பேசினா. மாம்பழம் கேட்டா மாம்பழம், ஐஸ்கிரீம் கேட்டா ஐஸ்கிரீம். அப்புறம் ரொம்ப நாள் இருக்கலை. நீ வையறதை நிறுத்தினயே, அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுடுத்து. இனிமே என்ன கட்டுப்பாடுன்னுதான் வேணுங்கறதைக் குடிச்சுண்டிருக்கேன். மாமாவுக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லுடி, டாக்டர் உங்கிட்ட என்ன சொன்னார்?"

எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. டாக்டர் எதுவுமே சொல்லவில்லை. மாமி இன்னும் பல வருஷம் இருக்க வேண்டியவர். என் சிரிப்பைப் பார்த்துத் தனக்குச் சாவு வந்துவிட்டது என்று முடிவு செய்து, அந்தச் சாவை நோக்கி டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நெருப்பு, தண்ணீர், போட்டோ எல்லாம் மறந்துபோயிற்று.

"அறிவு கீதா உங்களுக்கு? படிச்ச மனுஷி தானே நீங்க? எந்த டாக்டர் இன்னா சொன்னாரு? ஒண்ணும் சொல்லல. இனிமே அளவுக்கு மேல ஒரு வாய் குடிச்சீங்க, உங்க வூட்டுக்கே வந்து அந்தக் காபி பில்டரைத் தூக்கி ரோட்ல போடுவேன். போடறனா இல்லையா பாருங்க!"

பட்டினப்பாக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். இன்சார்ஜ் அக்கா ரூமைவிட்டு வெளியே வந்து நின்றார். மாமா சுவரில் சாய்ந்துகொண்டார். மாமி அழுதார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். அப்பாடா என்றார். அந்த அப்பாடாவைக் கேட்டு எனக்கும் தாங்கவில்லை, பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

வேலை போனது என்றுதான் நினைத்தேன். இன்சார்ஜ் அக்கா கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு, நீ திட்டு, ஆனால் யாரைத் திட்டுகிறாய் என்று பார்த்துத் திட்டு என்றார். அவ்வளவுதான். எனக்கு அந்த ஈக்காட்டுத்தாங்கல் பயிற்சி முழுவதையும்விட அது உபயோகமாக இருந்தது. இளநீர் குடித்த பெரியவரைப் பார்த்து மகன் முன்னால் கத்தினால் அவருக்கு மானம் போகிறது, ஸ்கிரீனை இழுத்துவிட்டுத் தனியாகக் கத்தினால் கேட்டுக்கொள்கிறார் என்று கண்டுபிடித்தேன். சிலருக்குத் திட்டே ஒத்துக்கொள்ளாது, அவர்களை என் கூட வேலை செய்கிற பெண்ணிடம் விட்டுவிட்டேன். அவள் பேச்சே தாலாட்டு மாதிரி இருக்கும். அது அவள் குணம். இது என் குணம். இதை மாற்ற முடியாது, மாற்றப் போய்த்தான் இந்த வினை என்று புரிந்த பிறகு வேலை எனக்குக் கைவந்தது. போட்டோவை நானே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

மாமியின் இதயம் மட்டும் பழையபடி ஆகவில்லை. ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் பலவீனமாகிவிட்டது என்றார். அந்தக் கொஞ்ச நாள் குடித்ததனால்தானா என்று கேட்டேன். சொல்ல முடியாது, முன்னாலேயே இருந்திருக்கலாம் என்றார். நல்ல மனிதர், தெரிந்திருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அதை நினைக்காத நாள் இல்லை.

மாமி அடுத்த மழைக்காலம் வரைக்கும் வந்தார். சொன்னபடி குடித்தார். எடை சொன்ன இடத்தில் நின்றது. ஆனால் மெஷினில் போட்டாலே பிரஷர் விழத் தொடங்கியது. ஒரு நாள் பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. டாக்டர் மாமாவை வெளியே அழைத்துப் போனார். கதவோரம் கை கழுவிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. இனி மெஷின் வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அவங்க ஆசைப்பட்டதைக் கொடுங்க என்றார்.

மாமா உள்ளே வந்தார். அழவில்லை. பையைத் திறந்து, தனக்கென்று எப்போதும் கொண்டுவருகிற பிளாஸ்கை எடுத்தார். மூடியில் விளிம்பு வரைக்கும் காபி ஊற்றி மாமியிடம் நீட்டினார். பாவம், அந்த மனுஷனுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்.

மாமி கை நீட்டவில்லை. காபியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். அப்புறம், எடை மெஷினில் நிற்கும்போது பார்ப்பாரே, அதே மாதிரி என் முகத்தைப் பார்த்தார். நான் சும்மா இருந்தாலும் போதும், சிரித்தாலும் போதும், அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். பிறந்ததிலிருந்து என்னைக் கைவிடாத குரல் அப்போது வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு அதை வெளியே இழுத்தேன்.

"மாமா! யாரைக் கேட்டு இவ்ளோ ஊத்தினீங்க? ரெண்டு வாய், அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது. வெள்ளிக்கிழமை மெஷின்ல ஏறும்போது எடை கூடட்டும், அப்புறம் கீது உங்க ரெண்டு பேருக்கும்."

மாமா மூடியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். காபி போர்வையில் சிந்தியது. என்ன இவள், ஈரமே இல்லாமல் என்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"தப்புதாம்மா. தெரியாம ஊத்திட்டேன்."

மாமியின் முகம் இளகியது. மூடியை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். இன்னொரு வாய். மூடியை மாமாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"போறும். மிச்சத்தை நீங்க குடிங்கோ. அவ வைவா."

மாமா அதை வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தார்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே போன் வந்துவிட்டது. அது வந்தபோது நான் எடை மெஷின் பக்கத்தில் நின்று ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இன்சார்ஜ் அக்கா வந்து காதில் சொன்னார். நான் பாதியில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த மனிதர் என்ன நினைத்துக்கொள்வாரோ. திட்ட வேண்டியதைத் திட்டி முடித்து, அவரைப் படுக்கவைத்து, ஊசி போட்டுவிட்டுத்தான் போய் அழுதேன்.