கலங்கின முன்வரிசை

அந்தக் கமெரா வீட்டுக்கு வந்த நாளிலயிருந்து எனக்கும் அதுக்கும் ஒத்துவரேல்ல. கமெரா எண்டால் கையில பிடிக்கிற சாமான் எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். இது முக்காலியில ஏத்தி வைக்கிற மரப்பெட்டி. முன்னுக்கு லென்ஸ், பின்னுக்கு ஒரு மங்கின கண்ணாடி, நடுவில ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரியிற கறுப்புத் தோல். பிலிமும் சுருள் இல்லை, உள்ளங்கையளவு தகடு. ஒரு படத்துக்கு ஒரு தகடு.

என்ர மனுசனுக்கு நீர்ப்பாசனக் கந்தோரில வரைபடம் கீறுற வேலை. சண்டை நிண்டு சமாதான காலம் வந்து வடக்குப் போற பாதை திறக்க, வவுனியா ரவுணில நெற் கபேயள் முளைச்சது. கந்தோர் விட்டு நெளுக்குளம் வாற வழியில இவர் ஒண்டுக்குள்ள பூந்தாரெண்டால் சோறு ஆறினாப்போலதான் வீட்டை வருவார். உலகம் முழுக்க இந்தப் பெட்டிக் கமெராவில விசர் பிடிச்ச ஆக்கள் கூடிக் கதைக்கிற இடம் ஒண்டு இன்ரநெற்றில இருந்தது. எந்த லென்ஸ் எந்த மூலையில கலங்கும், துருத்தியில ஊசித்துவாரம் விழுந்தால் எதால அடைக்கிறது, எல்லாம் அங்க கதைதான். கலியாண வீட்டில கூட ஒருத்தருக்கும் முகம் குடுத்துக் கதைக்காத மனுசன், முகமே தெரியாத ஆக்களோட மணித்தியாலக் கணக்காக் கதைக்கிறாரே எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அதில ஒருத்தர் ஒல்லாந்துக்காரர், நெதர்லாந்தில இருக்கிறவர். கமெரா இல்லாமலே இவர் இவ்வளவும் படிச்சிட்டார் எண்டு கண்டு, தன்னட்டைச் சும்மா கிடந்த பெட்டியைப் பார்சலில அனுப்பிவிட்டார். கொஞ்சப் பிலிமும் வைச்சிருந்தார். முகம் தெரியாத மனுசருக்கு இப்பிடி ஒரு மனமோ எண்டு அண்டைக்கு நான் வாயடைச்சுப் போனன். அது ரெண்டு நாள்தான். பிறகு குளியலறைக் கதவு இடுக்கெல்லாம் என்ர சீலையை அடைச்சு இவர் பிலிம் கழுவத் தொடங்கினார். அந்த நேரம் ஆருக்கும் அவசரம் எண்டால் பின்வளவுதான். தலையை மூடிக்கொண்டு பாக்கிற துணியும் நான் தைச்சதுதான், உள்ளுக்குக் கறுப்பு, வெளியில வெள்ளை. முழுக்கக் கறுப்பெண்டால் வன்னி வெயிலுக்கு மனுசன் அவிஞ்சு போயிடுமெல்லே.

பூவரசங்குளம் பக்கத்தில ஒரு சின்னக் குளம் திருத்தி முடிச்ச நாள், எல்லாரையும் சேத்து ஒரு படம் எடுக்கச் சொல்லி இவரைக் கேட்டவை. காத்துக்குத் துணி பறக்காமல் பிடிக்க நானும் போனனான். பெரியாக்கள் முன்னுக்குக் கதிரையில. குளக்கட்டில வேலை செய்த பெடியள் பின்னுக்கு நீட்டு மர வாங்கில ஏறி நிண்டாங்கள். பின்னேரம், மர நிழல், வெளிச்சம் போதாது. அதால லென்ஸின்ர வாயைப் பெரிசாத் திறக்கவேண்டிப் போச்சு. அப்பிடித் திறந்தால் ஒட்டி நிக்கிற ரெண்டு வரிசை மட்டும்தான் தெளிவா விழும், அதை விட்டு முன்னுக்கு வாறதெல்லாம் கலங்கும். இவர் துணிக்குள்ள தலையை விட்டு, துருத்தியை முன்னுக்கும் பின்னுக்குமா அரக்கி அரக்கி, கண்ணாடியில தலைகீழாத் தெரியிற உருவத்தைச் சரிபாத்து, பிலிமைச் செருகினார். பிலிம் செருகினால் பிறகு கண்ணாடியில ஒண்டும் தெரியாது.

அந்த நேரம் பாத்து ஒரு பெரியவர் பிந்தி வந்தார். பிந்தி வந்தாலும் பெரியவர் பெரியவர்தானே, நிக்க விடேலுமோ? வாங்கில நிண்ட ஒரு பெடியன் குதிச்சு ஓடிப்போய்க் கதிரை தூக்கியந்து முன்னுக்குப் போட்டான். அவரை மாத்திரம் முன்னுக்கு இருத்தினால் மற்றவைக்கு மரியாதை இல்லையெண்டு, முன்வரிசை முழுக்கக் கதிரையோட எழும்பி முன்னுக்கு வந்திட்டுது. பெடியன் திரும்ப வாங்கில ஏறினான். இவர் ஏதோ வாய்க்குள்ள முணுமுணுத்தார். "சொல்லுங்கோவன், பின்னுக்குப் போகச் சொல்லி" எண்டு நான் இடிச்சன். பெரியாக்களை அரக்கச் சொல்ல இவருக்கு நா எழும்பேல்ல. கிளிக் பண்ணிப்போட்டார்.

கழுவிப் பாத்தால், முன்வரிசை முழுக்கப் பனிப்புகார் மூடின மாதிரி. கமக்காரர் சங்கத் தலைவரின்ர மீசையும் இல்லை, மூக்கும் இல்லை. வாங்கில நிண்ட பெடியள் மட்டும் பளிச்செண்டு விழுந்திருந்தாங்கள். குளத்து ஆக்கள் கதைக்காமலே விட்டிட்டினம். அவ்வளவு பெரிய பிலிமை ஸ்கான் பண்ண இஞ்ச மிசின் இல்லையெண்டு, இவர் தகட்டை ஒல்லாந்துக்காரருக்கே அனுப்பி, இன்ரநெற்றில போடச் சொன்னார். அங்கயும் நல்ல பேச்சுத்தான் வாங்கினார். கண்ணில்லாதவர் எடுத்த படமோ எண்டு ஒருத்தர் கேட்டாராம். கேட்டது ஒரு பகிடிக்குத்தான் எண்டு எனக்கு இப்ப விளங்குது. இவருக்கு அது சுட்டுப்போட்டுது. தகட்டைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை எண்டு எழுதிப்போட்டு, அதுக்குப் பிறகு மனுசரை எடுக்கிறதையே விட்டிட்டார். மரங்களையும் குளங்களையும்தான் எடுத்தார். மரம் கதிரையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வராது எண்டு சொல்லுவார்.

கதிரை தூக்கின பெடியன் மலையகத்திலயிருந்து வந்து குடியேறின ஒரு அக்காவின்ர ஒரே மகன். அவா எங்கட பக்கத்துத் தோட்டத்தில வேலை செய்தவா. படம் எடுத்து அடுத்த வருசம் அவன் கிளிநொச்சிக்குக் கட்டட வேலைக்கெண்டு போனான். பிறகு சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

2009இல சண்டையில தப்பின சனமெல்லாம் செட்டிகுளப் பக்கத்து முகாம்களுக்கு வந்து சேர, அந்த அக்கா ஒவ்வொரு நாளும் கம்பிவேலியடிக்குப் போய் மகன்ரை பேரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டா. அந்தப் பேரில எத்தினையோ பேர். படம் இருக்கோ, படம் இருக்கோ எண்டுதான் எல்லாரும் திருப்பிக் கேட்டவை. அவவிட்ட மகன்ரை படம் ஒண்டும் இல்லை. அடையாள அட்டையும் அவனோட போயிட்டுது. அண்டைக்குக் குளத்தடியில ஆரோ சின்ன டிஜிற்றல் கமெராவில எடுத்த படத்தைத் தேடிப் பிடிச்சுப் பெருப்பிச்சுப் பாத்தம். முகம் சதுரம் சதுரமா உடைஞ்சு போச்சு.

அப்பதான் அவா இவரிட்ட வந்தா. "ஐயா, நீங்க அன்னைக்கு எடுத்த படத்துல எம்மவன் மொகம் தெரியுமா?" எண்டு கேட்டா. இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரவுணுக்குப் போய், அந்தக் கமெராக்காரர் கூடிக் கதைக்கிற இடத்தை இன்ரநெற்றில திறந்து எழுதினார். கூச்சத்தில வருசக்கணக்கா எட்டியும் பாக்காமல் விட்ட இடம். ஒல்லாந்துக்காரர் தகட்டைக் கவனமா வைச்சிருந்திருக்கிறார். அடுத்த நாளே, இவர் அடையாளம் சொன்ன அந்த ஒரு முகத்தை மட்டும் பெருப்பிச்சு இன்ரநெற்றில அனுப்பிவிட்டார்.

கடையில அதை அச்சடிச்சு வாங்கினம். அந்தப் பெரிய தகட்டின்ர மூலையில ஒரு மிளகளவில நிண்ட முகம் அது. தாள் நிறைய விரிச்சும் உடையேல்ல. இடப்புருவத்தில ஒரு சின்ன வெட்டு, கதிரை தூக்கி ஓடின வேர்வை, எல்லாம் அப்பிடியே. அந்தப் பெட்டியை நான் எத்தினை தரம் திட்டியிருப்பன். அண்டைக்கு அதைக் கும்பிடலாம் போல இருந்தது.

அந்தப் புருவ வெட்டைப் பாத்துத்தான் வேலிக்கு அங்கால நிண்ட ஒரு பொம்பிளை, இந்தத் தம்பியைத் தண்ணி வரிசையில கண்டனான் எண்டு சொன்னா. ஆளனுப்பிக் கூட்டியந்தவை. அரைவாசியா மெலிஞ்சு போய் வந்தான். தாய் கம்பிக்குள்ளால கையை விட்டு அவன்ர புருவத்தைத்தான் முதல் தடவினா. நானும் இவரும் வேற பக்கம் பாத்துக்கொண்டு நிண்டு அழுதம்.

கதை வேலி நீளத்துக்கும் பரவீட்டுது. ஒரு படக்காரர் இருக்கிறார், பழைய படம் வைச்சிருக்கிறார் எண்டு தாய்மார் நெளுக்குளத்துக்கு விசாரிச்சுக்கொண்டு வரத் தொடங்கிச்சினம். அந்தக் குளத்துப் படத்தை முழுசா ஒல்லாந்துக்காரரிட்டக் கேட்டு எடுத்து எல்லாருக்கும் காட்டினம். அவையின்ர பிள்ளையள் அதில இல்லை. இவர் ஒவ்வொருத்தரிட்டயும், நான் மனுசரை எடுக்கிறேல்லை அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லுவார்.

ஒரு அம்மா மட்டும் எழும்பிப் போகேல்ல. இருக்கிறதைக் காட்டுங்கோ தம்பி எண்டா. பாதை திறந்திருக்கேக்க இவர் கிளிநொச்சிப் பக்கமும் போய் எடுத்த தகடுகள் அலுமாரி நிறையக் கிடந்தது. எல்லாத்தையும் எடுத்தந்து குடுத்தார். அவா ஒவ்வொண்டா யன்னல் வெளிச்சத்தில பிடிச்சு, மரத்துக்குக் கீழ, குளக்கட்டில, எங்கயாவது ஒரு ஆள் நிக்குதோ எண்டு பாத்தா. அவசரப்படேல்ல. கடைசித் தகட்டையும் பாத்து, விரலடையாளம் படாமல் கவனமா மேசையில வைச்சா.

"நல்ல மரங்கள், தம்பி" எண்டு சொல்லிப்போட்டு எழும்பினா.

இவர் படலை வரைக்கும் அவவோட போனார். திரும்பி வந்து அந்தத் தகடுகளை அலுமாரிக்குள்ள வைக்கேல்ல. அது கனநாள் மேசையிலயே கிடந்தது. நானும் எடுத்து வைக்கச் சொல்லேல்ல.