இன்னும் ஒரே வருஷம், அப்புறம் மாடிக்கு

நாகராஜண்ணன் போய்விட்டார்.

காலையில் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் வந்தது. பஸ்ஸும் வந்தது, நான் ஏறவில்லை. லீவு சொல்லிவிட்டு நேராக இங்கே ஓடி வந்தேன். அவர் வீட்டு மாடிப்படியில் நின்றுகொண்டுதான் இதை டைப் செய்கிறேன்... உட்கார முடியவில்லை.

எங்கள் பிளான்ட் ஆட்களுக்கு அவரைத் தெரியும். மற்ற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஓசூரில் நான் இன்ஸ்பெக்‌ஷனில் சேர்ந்த நாளிலிருந்து பக்கத்து மெஷின் ஷாப்பில் இருந்தவர். சொந்த ஊர் கெலமங்கலம் பக்கம். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

எங்கள் ஊரில் கம்பெனிக்காரர் கடைசிக் காலத்துக்கு என்ன செய்வார்? ஒரு சைட் வாங்குவார், லைன் வீடு கட்டுவார், வேலைக்கு வரும் வெளியூர்ப் பசங்களுக்கு வாடகைக்கு விடுவார். அண்ணனும் அதைத்தான் செய்தார்.

கீழே வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். மேலே மட்டும் ஒரு பெரிய வீடு... இரண்டு பக்கமும் ஜன்னல், அப்படி ஒரு காற்று. அது அவர் மனைவி ரத்னம்மா அக்காவுக்கென்றே கட்டியது.

மாடிக்குப் போகும்வரைக்கும் இருவரும் கீழே கடைசி வீட்டில். தண்ணீர் மோட்டார் அந்த வீட்டுச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. அது ஓடினால் அலமாரியில் டம்ளரெல்லாம் ஆடும், பேசினால் கத்தித்தான் பேச வேண்டும்.

"ரிட்டயர் ஆன வாரமே மேல பால் காய்ச்சிடலாம் ரத்னா." எங்கள் எல்லோர் முன்னாடியும் சொன்னவர்தான்.

ரிட்டயர்மெண்ட் அன்று மாலை போட்டு, கம்பெனி காரில் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டோம். அக்கா கேசரி கொடுத்துக்கொண்டே என் காதில் சொன்னார். "வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறோம். நீ காலையிலயே வந்துரு ஸ்டெல்லா."

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால்... மாடியில் எங்கள் பிளான்ட் டிரெய்னி பசங்க பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள்!

எனக்கு வந்ததே கோபம். "என்னண்ணா இது, அக்கா மூஞ்சியப் பாத்தீங்களா?"

"சும்னிரு ஸ்டெல்லா" என்றார். பேசாமல் இரு என்பதை அவர் கன்னடத்தில்தான் சொல்வார். "வரப்போற பென்ஷன் பால்காரனுக்கும் கேஸுக்குமே சரியாப் போவும். நாளைக்கு ஆஸ்பத்திரின்னு படுத்தா யாரு குடுப்பா? இன்னும் ஒரே வருஷம். அப்புறம் மாடிக்கு."

அக்கா புதிதாக வாங்கிய பால் பாத்திரத்தைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டார்.

அந்த வருஷம் போனது. அடுத்த 'ஒரே வருஷம்' வந்தது.

இதே மனுஷன்தான் எங்களுக்கெல்லாம் யோசனை சொன்னவர். பி.எஃப். பணத்தை நடுவில் எடுக்காதே, சீட்டில் போடாதே, மகள் கல்யாணத்தில் மொத்தத்தையும் கொட்டாதே... அவர் பேச்சைக் கேட்டுப் பிழைத்த குடும்பங்கள் இங்கே கீழே நின்று அழுதுகொண்டிருக்கின்றன. தனக்கென்று வரும்போது மட்டும் 'போதும்' என்று அவருக்குச் சொல்ல வரவில்லை.

பயம்தான். எனக்கும் அதே பயம் இருக்கிறது, அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

எங்களுக்கு இப்போது வி.ஆர்.எஸ். நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். விருப்ப ஓய்வு வேண்டுமா வேண்டாமா, சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்துவிடு என்கிறார், மகன் கூடவே கூடாது என்கிறான். போன வாரம் அண்ணனிடம்தான் போய் நின்றேன்.

"அவசரப்படாத. இன்னும் ஒரே வருஷம் ஓட்டு" என்றார்.

நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்...

இன்றைக்கு விடிந்தும் விடியாமல் மோட்டார் போட எழுந்திருக்கிறார். அக்கா பூ வாங்கப் போயிருந்தார். ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர்... அப்படியே.

டேங்க் நிரம்பி, மாடி வாசலில் தண்ணீர் கொட்டியிருக்கிறது. "அங்கிள், மோட்டார ஆஃப் பண்ணுங்க" என்று கத்திக்கொண்டே பசங்க இறங்கி வந்திருக்கிறார்கள்.

ஒரு சொட்டு வழிய விடமாட்டார் அவர்.

கீழே கூட்டம், மூச்சுவிட இடமில்லை. அக்காவுக்கு மயக்கம் வரவும், பசங்கதான் துணிமணியெல்லாம் ஒதுக்கி மாடியைக் கொடுத்தார்கள். நான் கைத்தாங்கலாக அழைத்துப் போய் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் புழங்கி டேங்க் காலி. அண்ணனைக் குளிப்பாட்ட வேண்டுமென்று யாரோ மோட்டார் போட்டார்கள். தலைக்கு மேலே டேங்கில் தண்ணீர் விழுந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"மோட்டார் ஓடுதா ஸ்டெல்லா?"

"ஆமாக்கா."

"இங்க கேக்கவே இல்லியே..."

அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. படிக்கு வந்துவிட்டேன்.

அண்ணா... டேங்க் நிரம்பினால் பசங்க பார்த்துக்குவாங்க. நீங்க எழுந்திருக்காதீங்க.