லோடர் கையில் வைத்த பொட்டு

தோட்டத்தில் எரு அள்ளுவதற்காக, முன்னால் லோடர் வாளி பூட்டிய பழைய ட்ரக்டர் ஒன்றைப் பார்க்க இன்று தெல்லிப்பழைக்குப் போனேன்.

வாளியைத் தூக்கும் இரும்புக் கையில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தது. நடுவில் குங்குமம்.

"அண்ணை, உதென்ன இவ்வளவு பெரிய பொட்டு?"

"காலமை பூசை செய்தனான். சாமி விசயம், தொடாதையும் தம்பி," என்றார் விற்கிறவர்.

துடைத்துப் பார்த்தேன். உள்ளே விரல் நீளத்துக்கு வெடிப்பு.

"கடவுள் நம்பிக்கை இல்லாத ஆக்களுக்கு நான் விக்கிறேல்லை!" என்று கத்தினார். அதுவும், நெற்றி நிறையத் திருநீறோடு நின்ற என்னிடம்.

"உந்த வாளிக்குக் கீழை நிண்டு வேலை செய்யப்போறது நான். சாமியில்லை," என்றுவிட்டு வந்துவிட்டேன்.

அவருடைய வளவில் இன்னொரு ட்ரக்டரும் நிற்கிறது. அதற்கு ஆளுயர மாலையே போட்டு வைத்திருக்கிறார். வாங்கத் துணிச்சல் உள்ளவர்கள் சொல்லுங்கள், வழி காட்டுகிறேன்.