பொதுவான கவலை

தையல்காரி பள்ளிச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது அவள் தம்பி வந்தான். வெளியுறவு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். அக்கா வீட்டுக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தே பழகியவன், இன்று திராட்சைப் பையோடு வந்தது அவளுக்கு உறுத்தியது.

அவள் கணவன் பக்கத்து நாட்டுத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவன். அங்கே சங்கம் சேர்த்துக் கூலி கேட்டதற்காக அவனைச் சிறையில் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து இரண்டு பிள்ளைகளுக்கும் அவளுடைய தையல் மெஷின்தான் சோறு போடுகிறது. வாரம் தவறாமல் அந்த நாட்டுத் தூதரக வாசலில் கணவன் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ரொம்ப இளைச்சுட்டேக்கா."

"சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வா."

"நாளைக்கு அந்த நாட்டு மந்திரி வர்றாரு. எரிவாயு ஒப்பந்தம். இந்த வாரம் மட்டும் நீ அங்க போய் நிக்க வேண்டாம்."

"நீயா சொல்றியா, சொல்லி அனுப்பினாங்களா?"

அவன் ஒரு பொத்தானை எடுத்து விரலால் உருட்டினான். "மாமா விஷயத்துக்காகவும்தான் சொல்றேன். நம்ம மந்திரி அவர்கிட்ட மனித உரிமை பத்திப் பொதுவா கவலை தெரிவிக்கப்போறாரு."

"கவலையை நான் வீட்டிலேயே பட்டுக்கறேன். அதுக்கு எதுக்குடா ரெண்டு மந்திரி?" அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவங்க நடுவுல உக்காந்து நீதானே பேசப்போற. நாளைக்கு உன் வாயில மாமா பேரு வருமா?"

தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எழுந்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனான்.