காற்றைப் பிடித்து வைத்த பாறை

போர்க் கிணறு போட இடம் பார்த்துச் சொல்பவன் பிழைப்பு இதுதான்: தண்ணீர் வந்தால் குலசாமி கொடுத்தது, வெறும் பாறைத்தூள் புகை வந்தால் நான் கெடுத்தது. வேலை பார்த்துத் திட்டு வாங்கும் எல்லோருக்கும் இது புரியும்.

தேங்காய்க்குப் போட்டி

வெண்ணந்தூர் பக்கம் செல்லமுத்து என்ற விவசாயி கூப்பிட்டார். பழைய போர் வற்றிவிட்டது. புதியதிலும் தண்ணீர் இல்லையென்றால் மூன்று கறவை மாடுகளையும் விற்க வேண்டியதுதான். நான் கருவியோடு வெயிலில் காடெல்லாம் அலைந்து ஓரிடத்தில் அடையாளக் கல் நட்டேன். அவருடைய மச்சான் நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடந்தார். என் கல்லுக்கு இருபதடி தள்ளி அது எழுந்து நின்றது. விடுவேனா? இந்தப் பாறை இருநூறு கோடி வருஷத்துக்கு மேல் பழசு, அதன் வெடிப்பில்தான் தண்ணீர் இருக்கும் என்று விளக்கினேன். செல்லமுத்து கவலையாகக் கேட்டார்: "அத்தன பழசுன்னா இன்னேரம் வத்திப் போயிருக்காதுங்களா சார்?"

வெள்ளைத் தூள்

போர் போட்ட அன்று நான் போய்ச் சேர்வதற்குள் துளை போடும் ரிக் வண்டி பாதி ஆழம் ஓட்டியிருந்தது. துளையிலிருந்து வந்த தூளைப் பத்தடிக்கு ஒரு குவியலாக வைத்திருந்தார்கள். முதல் இரண்டு குவியலில் வெள்ளையாகச் சுக்காங்கல் என்னும் சுண்ணாம்புக் கல். இது என்னவென்று செல்லமுத்துவின் மனைவி பாப்பாத்தி கேட்டுவிட்டார். கல்லூரியில் நான் ஆசையாகப் படித்தது பூமியின் பழங்காலத் தட்பவெப்பம். அதைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

மழை காற்றிலிருந்த கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கி, பாறையை அரித்து, இப்படிக் கல்லாகப் பூட்டி வைத்தது என்றேன். எரிமலைகள் அந்த வாயுவைக் கக்கிய காலங்களில் பூமி வெந்தது, பாறைகள் விழுங்கிய காலங்களில் குளிர்ந்தது என்றேன். பாப்பாத்தி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காத்தப் புடிச்சு வெக்கத் தெரிஞ்ச பாறைக்குத் தண்ணியப் புடிச்சு வெக்கத் தெரியலீங்களே."

நடுவில்

எண்ணூறு அடி வரைக்கும் புகைதான். ரிக் நகர்ந்த பிறகு பார்த்தால், துளை என் கல்லிலும் இல்லை, தேங்காய் நின்ற இடத்திலும் இல்லை. இரண்டுக்கும் சரியாக நடுவில் இருந்தது. "மச்சானும் கோவிச்சுக்கக் கூடாது, நீங்களும் சங்கடப்படக் கூடாது பாருங்க" என்றார் செல்லமுத்து. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால், கல் நட்ட இடத்தில் போட்டிருந்தால் கட்டாயம் வந்திருக்குமா என்று அவர் கேட்டபோது, கட்டாயம் என்று சொல்ல முடியாது என்றுதான் சொன்னேன்.

அந்த வாரமே மாடுகளை ஏற்ற டெம்போ வந்தது. மனசு கேட்காமல் நானும் போயிருந்தேன். பாப்பாத்தி கயிற்றை அவிழ்த்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எல்லாரு மனசும் நோகாமப் பாத்துக்கிட்டாருங்க. இதுங்க மனசத்தான் ஆரும் கேக்கல."

பல்லாயிரம் வருஷத்துக்கு முன் காற்று எந்தக் கல்லுக்குள் போனது என்று விரல் நீட்டிக் காட்டுகிற நான், அந்த டெம்போ போன பக்கம் மட்டும் இன்னும் திரும்பிப் பார்ப்பதில்லை.